நிழல் விழாத கோபுரமும் கை வெட்டின கதையும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இந்த ஆண்டு விழாவில் நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட வாலிபர்கள், “சாமியைப் பற்றியும் புராணத்தைப் பற்றியும் எவ்வளவோ கேட்டாய்விட்டது, இன்றைக்கு வேறு ஏதாவது பேசுங்கள்” என்று சொன்னார்கள். நல்லது, இன்று சாமியை விட்டுவிடுவோம். ஒரு கோபுரம், ஒரு படம், ஒரு உடுப்பு, ஒரு மாளிகை ஆகிய நான்கைப் பற்றி ஜனங்கள் வாயில் வழங்குகின்ற நான்கு கதைகளை எடுத்துக்கொண்டு, அவை மெய்தானா என்று விசாரித்துப் பார்ப்போம்.

இது ஒரு பெரிய காரியமா என்று சிலர் கேட்கலாம். பெரிய காரியந்தான் என்று சொல்லுகிறோம். ஏனென்றால் நம்மில் பலர், புராணத்தை நம்பாமல் விட்டுவிட்ட மாத்திரத்திலேயே நமக்குப் பகுத்தறிவு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுகிறோம். புராணம் ஓலையில் வந்தது. அதே சரக்கு பிறகு அச்சில் வந்தது. இப்போது கைபேசியில் வருகின்றது. ஓலையில் வந்ததைத் தள்ளிவிட்டுக் கைபேசியில் வந்ததை அப்படியே நம்புகிறவனுக்கு அறிவு மாறவில்லை. தபால்காரன் மாத்திரந்தான் மாறியிருக்கிறான். ஒருவன் கறுப்பாய் வாந்தியெடுத்தான் என்ற செய்தி நாலு வீடு தாண்டுவதற்குள் காக்கை காக்கையாய் வாந்தியெடுத்தான் என்று ஆன கதை உங்களுக்குத் தெரியும். அன்று நாலு வீடு. இன்று நாலு தேசம். வித்தியாசம் அவ்வளவுதான்.

முதலில் கோபுரம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று சிறு பிள்ளை முதல் கிழவர் வரை சொல்லுகிறார்கள். நாமும் சிறு வயதில் இதை நம்பியவர்தான். பிறகு ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு நேரிலேயே போய் நின்று பார்த்தோம். கோபுரத்துக்கு மேற்கே பிராகாரத்தில் நிழல் நீளமாய்ப் படுத்துக்கிடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் வெயிலுக்கு ஒதுங்கி அந்த நிழலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெரியவராயிருந்தவரை நோக்கி, “ஏனுங்க பெரியவரே, இந்தக் கோபுரத்தின் நிழல் கீழே விழாதாமே, மெய்தானா?” என்று கேட்டோம். அதற்கு அவர், “ஆமாங்க, விழவே விழாதுங்க, அதுதானே இந்தக் கோயிலின் விசேஷம்!” என்று அந்த நிழலில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்!

தோழர்களே! நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் அவர் முட்டாளல்லர். கண் ஒன்றைக் காணும்போது காது வேறொன்றைச் சொன்னால், காதையே நம்பும்படி நாம் எல்லோரும் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

இதில் உள்ள உண்மைதான் என்ன? அந்த விமானம் சுமார் 60 மீட்டர் உயரம். அடி அகலமாகவும் நுனி குறுகலாகவும் கட்டப்பட்டது. தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்குக் கிட்டத்தட்ட 11 பாகை வடக்கே இருக்கின்றது. ஆதலால் சித்திரை மாதத்திலும் ஆவணி மாதத்திலும் சூரியன் உச்சிவேளையில் அந்த ஊரின் தலைக்கு நேரே வருகின்றது. அம்மாதிரியான நாட்களில் நடுப்பகலில் நிழல் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிப் போகும். அடி அகன்று நுனி குறுகிய எந்தக் கட்டடத்துக்கும், ஏன், களத்தில் குவித்த நெல்லம்பாரத்துக்குங்கூட இதே கதிதான். காலையிலும் மாலையிலும் நிழல் தாராளமாய்த் தரையில் விழும். மார்கழி மாதத்தில் நடுப்பகலிலேயே வடபுறம் விழும். ஆனால் உச்சிவேளைக்குப் போனவன் ஒருவன் பார்த்ததை, காலையில் போகிறவர்கள் ஆயிரம் பேர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிறார்கள். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் இப்படியே. கட்டடத்தை அளந்து ஆராய்ந்தவர்கள், அது பல துண்டுகளைச் சேர்த்து அமைத்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்படி ஒரு கதை இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் உண்டு. 1010-ம் வருஷ வாக்கில் கட்டி முடிந்த அந்தக் கட்டடம் மந்திரத்தால் எழும்பியதல்ல. கல் உடைத்தவன், சுமந்தவன், ஏற்றியவன், செதுக்கியவன் ஆகியவர்களுடைய உழைப்பினால் எழும்பியது. குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனுடைய பெயர் அந்தக் கோயில் கல்வெட்டிலேயே இருக்கின்றது. நிழல் விழாத அதிசயத்தைச் சொல்லுகிற ஆயிரம் பேரில் அந்தத் தச்சன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து, தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர் வைத்து, அக்கோயிலின் ஊழியத்துக்காகக் குடியேற்றியதும் அதே கல்வெட்டில்தான் இருக்கின்றது. அதை யார் பேசுகிறார்கள்? இன்னொன்றையும் கவனியுங்கள். கோபுரத்தின் நிழல் தரையில் விழாதது அதிசயம் என்று பேசிய இதே நாட்டில்தான், சில மனிதர்களுடைய நிழல் மேலே விழுந்தால் தீட்டு என்றும் பேசப்பட்டது! இல்லாத அதிசயத்தைக் காட்டி, இருக்கின்ற உழைப்பையும் இருந்த அக்கிரமத்தையும் மறைப்பதுதான் இம்மாதிரிக் கதைகள் செய்யும் வேலை.

நிற்க, நம் நாட்டார் மாத்திரந்தான் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்து தேசத்தைப் பாருங்கள். கண்ணில் நீர் வழிய நிற்கும் ஒரு சிறுவனுடைய படம் அங்கே ஆயிரக்கணக்கான வீடுகளில் மாட்டப்பட்டிருந்தது. புரூனோ அமாடியோ என்னும் இத்தாலிய ஓவியர் பிராகோலின் என்ற புனைபெயரில் வரைந்து, கடைகளில் மலிவாக விற்கப்பட்ட அச்சுப்படம் அது. 1985-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ‘சன்’ என்னும் லண்டன் பத்திரிகை, இந்தப் படம் மாட்டிய வீடு தீப்பிடிக்கும் என்றும், வீடெல்லாம் எரிந்தாலும் படம் மாத்திரம் எரியாது என்றும் ஒரு செய்தியைப் பிரசுரித்தது. அவ்வளவுதான்! தங்கள் வீட்டிலும் அப்படியே நடந்ததென்று ஆள்மேல் ஆளாய்த் தெரிவிக்க ஆரம்பித்தார்கள். படம் வைத்திருப்பவர்கள் எங்களுக்கு அனுப்பலாம் என்று பத்திரிகை சொன்னது. படங்கள் மூட்டை மூட்டையாய் வந்து குவிந்தன. அவற்றைக் கொண்டுபோய்க் கொளுத்தி, அதையும் ஒரு செய்தியாய்ப் போட்டு விற்றார்கள்.

இது பள்ளிக்கூடமும் ரயிலும் மின்சாரமும் நம்மைவிட முந்திக் கண்ட தேசத்தில், சந்திரனுக்கு மனிதன் போய்வந்து 16 வருஷம் ஆன பிறகு நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது விசாரணைக்கு வருவோம். எரிந்த வீடுகளில் அந்தப் படம் எரியாமல் கிடந்தது என்பது பொய்யா? முழுப் பொய்யல்ல, சில வீடுகளில் அது மெய்யே. இங்கேதான் நாம் ஜாக்கிரதையாய் இருக்கவேண்டும். ‘எல்லாம் புளுகு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது பகுத்தறிவல்ல; அதுவும் ஒரு சோம்பேறித்தனமே. எந்த அளவு மெய், அந்த மெய்க்குக் காரணம் என்ன என்று பார்ப்பதே பகுத்தறிவு.

அந்தப் படம் அழுத்தமான கெட்டி அட்டைப்பலகையின்மேல் அச்சிடப்பட்டது. அம்மாதிரிப் பலகை எளிதில் தீப்பற்றாது. 2010-ம் வருஷம் பி.பி.சி. வானொலிக்காக அப்படம் ஒன்றை வைத்துக் கொளுத்திப் பார்த்தார்கள். ஓரம் கருகியதே தவிரப் படம் எரிந்துபோகவில்லை. மேலே பூசியிருந்த வார்னிஷ் தீயைத் தடுத்திருக்கவேண்டும் என்றும், மாட்டியிருக்கும் கயிறு முதலில் எரிந்து அறுந்தால் படம் முகங்குப்புறத் தரையில் விழுந்து தப்பிக்கொள்ளும் என்றும் தெரிந்தது. சரி, வீடுகள் தீப்பற்றினது எதனால்? உருளைக்கிழங்கு வறுக்கும் எண்ணெய்ச் சட்டியாலும், அணைக்காமல் போட்ட சிகரெட்டாலும், கெட்டுப்போன மின்சாரக் கம்பியாலும் என்று தீயணைக்கும் உத்தியோகஸ்தர்கள் அப்போதே சொன்னார்கள். ஆயிரமாயிரம் வீடுகளில் மாட்டப்பட்ட படம், எரிகின்ற வீடுகளில் சிலவற்றிலும் இருக்கத்தானே செய்யும்? மாட்டியும் எரியாமலிருந்த வீடுகளை யார் கணக்கெடுத்தார்கள்? சாமிக்கு நேர்ந்துகொண்டு பிழைத்தவன் தேங்காய் உடைக்க வருகிறான். நேர்ந்துகொண்டு செத்தவன் வந்து சாட்சி சொல்லுவானா? இரண்டும் ஒரே கணக்குத்தான்.

பிறகு இந்தப் படத்துக்கு ஒரு ஸ்தலபுராணமும் முளைத்தது. அந்தச் சிறுவன் ஒரு அநாதை என்றும், அவன் போன இடமெல்லாம் தீப்பிடித்தது என்றும், அவனை வரைந்த ஓவியரின் வீடும் எரிந்தது என்றும் எழுதினார்கள். யார் பார்த்தது, எந்தத் தஸ்தாவேஜில் இருக்கிறது என்றால் ஒன்றுமில்லை. பத்திரிகை விற்றது, பயந்தவர்கள் படத்தை எரித்தார்கள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அப்பால் போகாதீர்கள் என்ற உயிர் காக்கும் செய்திதான் அமுங்கிப்போய்விட்டது. மூடநம்பிக்கையினால் வரும் கெடுதி இதுதான். பயப்படவேண்டியதற்குப் பயப்படாமல், பயப்படவேண்டாததற்குப் பயப்படும்படி செய்துவிடும்.

மூன்றாவது உடுப்பு. தாய்மார்கள் இதைச் சற்றுக் கவனமாய்க் கேட்கவேண்டுகிறோம். பெண்கள் சுதந்தரம் என்று வாயெடுத்தால், “ஓகோ, அமெரிக்காவில் மார்க்கச்சையைக் கழற்றிக் கொளுத்தினார்களே, அந்தக் கூட்டமா?” என்று கேலி செய்கிற கனவான்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நடந்தது என்ன?

1968-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி, அட்லாண்டிக் சிட்டி என்னும் கடற்கரை ஊரில் ‘மிஸ் அமெரிக்கா’ என்னும் அழகுப் போட்டி நடந்தது. சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பதுபோலப் பெண்களை நிறுத்தி மதிப்புப் போடுவதா என்று சில நூறு பெண்கள் வெளியே கூடி ஆட்சேபித்தார்கள். ஒரு செம்மறியாட்டுக்குக் கிரீடம் வைத்து அப்போட்டியைப் பரிகாசம் செய்தார்கள். ‘சுதந்தரக் குப்பைத் தொட்டி’ என்று ஒன்றை வைத்து, உயர்குதி செருப்பு, பொய் இமைமயிர், இடுப்பை இறுக்கும் கச்சை, மார்க்கச்சை, தரை துடைக்கும் துடைப்பம் முதலியவைகளை அதில் போட்டார்கள். கொளுத்தவேண்டும் என்ற யோசனை முதலில் இருந்தது. ஆனால் அந்தக் கடற்கரை நடைபாதை மரப்பலகையால் ஆனது. ஆகையால் தீ வைக்கவில்லை என்று கூட்டத்தை நடத்தியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பட்டாளத்துக்குப் போகமாட்டோம் என்று வாலிபர்கள் அழைப்புச் சீட்டைக் கொளுத்திவந்த காலம் அது. அதோடு இதையும் ஒப்பிட்டு ஒரு நியூயார்க் பத்திரிகை எழுதியது. ஒப்புமை செய்தியாயிற்று, செய்தி சரித்திரமாயிற்று.

ஆயினும் மறைக்காமல் மற்றொன்றும் சொல்லவேண்டும். தொட்டிக்குள் கொஞ்சம் எரிந்ததாக அந்த ஊர்ப் பத்திரிகையில் ஒரு நிருபர் எழுதியிருந்ததைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் எடுத்துக் காட்டியிருக்கிறார். நடத்தியவர்கள் அதை மறுக்கிறார்கள். எப்படியிருந்தாலும், பெண்கள் உடுப்பைக் கழற்றி வீசி நெருப்பு மூட்டிக் கூத்தாடினார்கள் என்று ஊர் பேசும் காட்சி நடக்கவில்லை.

நடந்தவற்றில் ஊர் பேசாதது எது தெரியுமா? அதே நாளில் அதே ஊரில் கறுப்பினப் பெண்களுக்கென்று தனியாக ஒரு போட்டி நடத்தப்பட்டது. ஏனென்றால், அதுவரை ‘மிஸ் அமெரிக்கா’ மேடையில் ஒரு கறுப்பினப் பெண்ணும் போட்டியிட்டு நின்றதில்லை. வெள்ளையர் மாத்திரமே வரலாம் என்று அதன் விதியிலேயே ஒரு காலத்தில் எழுதியிருந்தார்கள். நம் நாட்டு அக்கிரகாரத்து வாசலில் இருந்த விதிக்கும் இதற்கும் என்ன பேதம்? பெண்கள் கேட்ட கேள்வியும் மறைந்தது. நிறத்தைப் பற்றிய கேள்வியும் மறைந்தது. எரியாத மார்க்கச்சை மாத்திரம் இன்று வரை எரிந்துகொண்டேயிருக்கின்றது! 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்த இயக்கத்தைச் சேர்ந்த நாம், இந்த வித்தையைத் தெரிந்துகொள்ளவேண்டும். கேள்விக்குப் பதில் இல்லாதபோது, கேட்டவர்மேல் ஒரு கதையைக் கட்டிவிடுவது என்பது எல்லாத் தேசத்துப் பழமைக்காரருக்கும் பொதுவான தந்திரம்.

தோழர்களே! இதுவரை மற்றவர்கள் கதையை விசாரித்தோம். கேட்க உங்களுக்கும் நன்றாக இருந்தது. சொல்ல நமக்கும் நன்றாக இருந்தது. இப்போது நம் கதைக்கு வருவோம்.

ஷாஜகான் சக்ரவர்த்தி தாஜ்மகாலைக் கட்டி முடித்ததும், இதைப்போல இன்னொன்று யாரும் கட்டிவிடக்கூடாது என்று கட்டிய 20,000 வேலைக்காரர்களுடைய கைகளையும் வெட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இதைப் பரப்பியவர்களில் நாமும் ஒருவர். பத்து மேடைகளுக்குக் குறையாமல், “பாருங்கள் ராஜாக்களின் யோக்கியதையை! பாருங்கள் தொழிலாளிக்குக் கிடைத்த கூலியை!” என்று கையை ஓங்கிப் பேசியிருக்கிறோம். ஜனங்களும் கை தட்டினார்கள்.

ஒரு ஊரில் இப்படிப் பேசி முடித்ததும், பின் வரிசையிலிருந்து வயதான கொத்தனார் ஒருவர் எழுந்து, “ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சந்தேகம். எல்லார் கையையும் வெட்டிப்புட்டா, அடுத்த கட்டடத்துக்கு ராஜா யாரைக் கூப்பிட்டாருங்க?” என்று கேட்டார். நமக்குச் சுருக்கென்றது. மேடையில் பதில் சொல்லத் தெரியாமல் ஏதோ சமாளித்துவிட்டு இறங்கினோம். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பிறகு கிடைத்த சரித்திரப் புத்தகங்களைத் தேடிப் படித்துப் பார்த்தோம்.

மும்தாஜ் இறந்தது 1631-ல். வேலை ஆரம்பித்தது 1632-ல். சுற்றுக் கட்டடங்கள் எல்லாம் முடிய ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 1639-ல் டில்லியில் செங்கோட்டையும் புது நகரமும் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தாஜ்மகாலின் தலைமைச் சிற்பி என்று சொல்லப்படும் உஸ்தாத் அகமது லாகௌரி என்பவரே செங்கோட்டை வேலையிலும் இருந்தார். சுவரில் எழுத்துப் பொறித்த அமானத்கான் தம் பெயரையே கட்டடத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்திலேயே அங்கே வந்து பார்த்துப் புத்தகம் எழுதின தவர்னியே, பெர்னியே என்னும் பிரெஞ்சுக்காரர்கள் கை வெட்டினதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. 20,000 கைகளை வெட்டியிருந்தால் அது காதில் விழாமலா போயிருக்கும்? இதே கதையை மாஸ்கோவில் உள்ள ஒரு மாதாகோயிலைப் பற்றி, கட்டினவன் கண்ணை ஐவான் அரசன் பிடுங்கினான் என்று சொல்லுகிறார்கள். பிராக் நகரத்துப் பெரிய கடிகாரத்தைச் செய்தவன் கண்ணையும் குருடாக்கினார்கள் என்று சொல்லுகிறார்கள். ஒரே சட்டையை ஊருக்கு ஊர் மாட்டியிருக்கிறார்களே தவிர, சாட்சியம் எங்கும் இல்லை.

அந்தக் கொத்தனார் சரித்திரம் படித்தவரல்லர். ஆனால் தம் தொழில் அவருக்குத் தெரியும். தேர்ந்த கை ஒன்று உண்டாக எத்தனை வருஷம் பிடிக்கும் என்றும், அதை எந்த எஜமானனும் வீணாக்கமாட்டான் என்றும் அவருக்குத் தெரியும். பகுத்தறிவு என்பது புத்தகத்தில் மாத்திரம் இருப்பதல்ல என்பதை அன்று அவரிடம் கற்றுக்கொண்டோம்.

ஏன் அந்தக் கதையை நாம் விசாரிக்கவில்லை? அது நமக்கு இனிப்பாயிருந்தது. நாம் சொல்ல விரும்பியதைச் சொல்லிற்று. பக்தன் நிழல் விழாத கதையை நம்பியதற்கும் நாம் கை வெட்டின கதையை நம்பியதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. அவனுக்குச் சாமி இனித்தது. நமக்கு ராஜநிந்தனை இனித்தது. அதோடு இக்கதையை வேறு சிலர் எதற்காக எடுத்துக்கொள்ளுகிறார்கள் என்பதும் யோசிக்கத்தக்கது. நாம் ராஜாவைத் திட்டுவதாக நினைத்துச் சொன்னதை, முஸ்லிம்களைத் திட்டுவதற்கு ஆயுதமாக அவர்கள் உபயோகிக்கிறார்கள். பொய்யான கத்தியை நாம் தீட்டிக் கொடுத்தால், அது யார் கையில் போய்ச் சேரும் என்பதற்கு நாம் ஜவாப்தாரியல்லவா?

அப்படியானால் சக்ரவர்த்திகள் எல்லாம் தர்மப்பிரபுக்களா என்று கேட்காதீர்கள். மும்தாஜ் இறப்பதற்கு முந்திய வருஷமாகிய 1630 முதல் 1632 வரையில் குஜராத்திலும் தக்காணத்திலும் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடி, எண்ணற்ற ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். கஞ்சி ஊற்றியதும் கொஞ்சம் வரி தள்ளியதும் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் பஞ்சம் தீருகிற சமயத்தில்தான் ஒரு கல்லறைக்காகப் பளிங்கு சுமக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பளிங்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது? உழுதவன் கொடுத்த வரியிலிருந்துதானே! இதைச் சொன்னால் போதாதா? மெய்யே இவ்வளவு பலமாக இருக்கும்போது, நமக்குப் பொய் எதற்கு? கை வெட்டின பொய்யைச் சொல்லி நாளைக்கு ஒரு கொத்தனாரிடம் அகப்பட்டுக்கொண்டால், பஞ்சத்தைப் பற்றி நாம் சொன்ன மெய்யையும் சேர்த்துத்தானே அவர் தள்ளிவிடுவார்!

ஆகையால் தோழர்களே, இனி எந்தக் கதை வந்தாலும், கைபேசியில் வந்தாலும் மேடையில் வந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கண்ணால் பார்த்தவர் யார்? நடந்த காலத்திலேயே எழுதி வைத்தவர் உண்டா? இதை நம்புவதால் லாபம் யாருக்கு? கதை உங்களுக்குக் கசப்பாயிருந்தால் ஒருமுறை கேளுங்கள். இனிப்பாயிருந்தால் இரண்டுமுறை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பத்து மேடைகளில் ஏழு ஊர்களுக்கு நாம் திரும்பப் போய், நாம் முன் சொன்னது தப்பு என்று சொல்லி வந்திருக்கிறோம். மூன்று ஊர்கள் பாக்கி. இன்று நீங்கள் கேட்ட இதையும், நாம் சொன்னோம் என்பதற்காக நம்பவேண்டியதில்லை. தஞ்சாவூர் தூரமில்லை. ஒரு நாள் காலை நேரத்தில் போய், தரையைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.